வரும், நிற்கும், கூவும்

நாலைந்து வருடங்களுக்கு முன்னால் அறந்தாங்கி ரயில் நிலையத்தைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். பெங்களூரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ரிலீஸ் முடிந்து எல்லோரும் தூங்கப் போன பிறகும் தூக்கம் வராமல் எழுதியது. அதன் முதல் வரி: "தூரத்தில் கருவேல மரங்களுக்கு மேலே புகை தெரியும். கொஞ்ச நேரத்தில் கூவிக்கொண்டே ரயில் வரும்." நிறையப் பேர் பகிர்ந்தார்கள். 'கண் கலங்கிடுச்சு ப்ரோ' என்று முகம் தெரியாத ஒருவர் எழுதினார். எனக்கும் கொஞ்சம் கலங்கத்தான் செய்தது.

ஒரே ஒரு சிக்கல். நான் பிறந்தது 1989இல். விவரம் தெரிந்து நான் ஏறியதெல்லாம் டீசல் எஞ்சின் இழுத்த மீட்டர் கேஜ் வண்டிகள். கருவேல மரத்துக்கு மேலே நீராவி எஞ்சினின் புகையை நான் பார்த்ததே கிடையாது.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை மகள் அந்தப் பதிவை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள். அப்பத்தா வெற்றிலையை மடித்தபடி கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு, "நல்லாத்தான்ப்பா எழுதியிருக்க. ஆனா இதுல உங்க தாத்தாவக் காணோமே?" என்றாள்.

தாத்தா கரி எஞ்சினில் ஃபயர்மேன். எனக்கு ஐந்து வயதாகும்போது இறந்துவிட்டார். அவர் என்ன வேலை பார்த்தார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த விஷயம். ஆனாலும் புகையைப் பற்றி ஆயிரம் வார்த்தை எழுதியவனுக்கு, அந்தப் புகையை உண்டாக்கிய ஆள் தன் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்குவது ஞாபகத்துக்கு வரவில்லை. அது எப்படி என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. விமர்சனம் என்றால் முதலில் என் மேலேயே வைக்க வேண்டியிருக்கிறது.

*

நீராவி ரயில் ஏக்கம் இன்று தமிழில் ஒரு தனி வகைமை. வார இதழ் மலர்களில், இணைய இதழ்களில், ஆண்டுவிழா மலர்களில் எல்லாம் இருக்கிறது. பத்துக் கட்டுரை படித்தால் பதினோராவதை நாமே எழுதிவிடலாம். ஜன்னலோர இருக்கை. கண்ணில் விழும் கரித்தூள். அதை முந்தானையை ஊதி ஒற்றி எடுக்கும் அம்மா. மந்தார இலையில் வடை. கொடி அசைக்கும் ஸ்டேஷன் மாஸ்டர். கடைசிப் பத்தியில் ஒரு பெருமூச்சு: இப்போதெல்லாம் அந்தச் சுகம் எங்கே?

இவற்றில் எதுவும் பொய்யில்லை. கரித்தூள் கண்ணில் விழுந்தது உண்மை. வடை மணத்ததும் உண்மை. என்னைத் தொந்தரவு செய்வது அவற்றின் வினைச்சொற்கள். ரயில் வரும். நிற்கும். கூவும். புகை எழும். அம்மா ஊதுவாள். 'செய்யும்' என்கிற இந்த வடிவத்தைப் பள்ளிக்கூடத்தில் எதிர்காலம் என்று படித்தோம். ஆனால் பழக்கத்தைச் சொல்வதற்கும் தமிழில் இதே வடிவம்தான். 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தும். 'ரயில் வரும்' என்று எழுதியவுடனே ரயிலும் சூரியன் மாதிரி ஆகிவிடுகிறது. அது யாராலும் ஓட்டப்படுவதில்லை, தாமதமாவதில்லை, தடம் புரள்வதில்லை. தானாக வரும், தானாக நிற்கும்.

இன்னொன்று. 'ரயில் வரும்' என்ற வாக்கியத்தை யாரும் திருத்த முடியாது. 'அன்றைக்கு ரயில் வந்தது' என்று எழுதினால் ஒருவர் எழுந்து, 'அன்னைக்கு வரலையே, அன்னைக்குத்தானே ஸ்ட்ரைக்கு' என்று சொல்லலாம். 'வரும்' என்பதற்கு முன்னால் அவர் வாயடைத்துப்போவார். நான் பார்க்காத புகையை நான் தைரியமாக எழுத முடிந்ததும் அதனால்தான். 'வந்தது' என்று ஆரம்பித்திருந்தால் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டிருப்பேன்.

அப்பத்தாவின் பேச்சில் இந்த வடிவம் அநேகமாக இல்லை. அன்று மாலை அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஒருநா ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாக. கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு. சட்டைக் காலர்ல நெருப்புப் பொறி பட்டு ஓட்டை. சோத்தப் போட்டு வச்சேன். கை கழுவப் போனவுக தொட்டிக்கிட்டயே சாஞ்சு ஒக்காந்து தூங்கிட்டாக. நா எழுப்பல. விடியறதுக்குள்ள கால்பாய் வந்து கதவத் தட்டிட்டான்."

கால்பாய் என்பவர் எந்த வண்டிக்கு யார் போக வேண்டும் என்று ரயில்வே ஊழியர்களின் வீடு தேடி வந்து எழுப்பி, நோட்டில் கையெழுத்து வாங்கிப் போகிறவர். செல்போன் இல்லாத காலத்து ஆன்-கால் டியூட்டி. ராத்திரி மூன்று மணிக்கு பேஜர் டியூட்டி அலாரம் அடித்து எழுந்து லேப்டாப்பைத் திறக்கிறவனுக்கு அந்தக் கதவு தட்டும் சத்தம் சட்டென்று புரிந்தது. அப்பத்தாவின் பேச்சு லாக் ஃபைல் மாதிரி. ஒவ்வொரு வரிக்கும் நேரம் உண்டு. என் பதிவு ஸ்க்ரீன்சேவர்.

*

நீராவி ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே எழுதிய நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா?' முழுக்க ஒரு ரயில் பயணம். சென்னை மருத்துவமனையில் கணவன் அபாய நிலையில் கிடப்பதாகத் தந்தி வருகிறது. அக்காவும் தம்பியும் கும்பகோணத்தில் இரவு வண்டி ஏறுகிறார்கள். செய்திக்கும் அது உறுதியாவதற்கும் நடுவில் ஓர் இரவு. அந்த இரவைக் கடப்பதற்கு அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி அந்த ரயில். அதை இழுத்துப் போனது கரி எஞ்சின்தான். ஆனால் கதை முடிந்த பிறகு நம் மனசில் மிஞ்சுவது புகையல்ல, ஒரு பெண் தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் முடியாமல் உண்மையைத் தாங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த மணிநேரங்கள். அது என்றைக்கும் போகும் ரயில் இல்லை. அன்றைக்குப் போன ரயில்.

தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு'ம் அப்படித்தான். கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்காக அனுப்பப்படும் ஒரு சிறுமி. அதே பெட்டியில் அப்பாவோடு வரும் ஒரு சிறுவன். ஆசையாகப் பொத்தி வைத்திருந்த ஆரஞ்சை அவன் அவளிடம் கொடுத்துவிடுகிறான். இன்றைய ஏக்கக் கட்டுரையாளர் அந்தப் பெட்டியில் இருந்திருந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். தி.ஜா. பெட்டிக்குள்ளே பார்த்தார். பத்து வயதுக் குழந்தையைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து ஆயிரம் மைலுக்கு அப்பால் கொண்டுபோவதும் இதே அழகான ரயில்தான் என்பதை அந்த ஆரஞ்சு சொல்லிவிடுகிறது.

சினிமாவிலும் ஓர் உதாரணம் உண்டு. பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' (1978) படத்தில் பாஞ்சாலிக்கும் ஊரை விட்டுப் போனவனுக்கும் இடையே, ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் எழுதிய செய்தி போகிறது. எவ்வளவு மிகையாக இருந்தாலும் அங்கே ரயிலுக்கு ஒரு வேலை இருக்கிறது. அது அவளுடைய தபால்காரன். இந்தப் படைப்பாளிகள் யாரும் ரயிலை ரசிப்பதற்காக வைத்திருக்கவில்லை. அவர்களுடைய மனிதர்களுக்கு அந்த நேரத்தில் அது தேவையாக இருந்தது. தேவை தீர்ந்த பிறகுதான் ரசனை வருகிறது. ரசனை வரும்போது மனிதர்கள் இறங்கிப் போய்விடுகிறார்கள்.

இதற்கு மிகப் பெரிய சாட்சி 'பாதேர் பாஞ்சாலி'. காசப்புல் வெளியில் அபுவும் துர்காவும் ஓடிப்போய் ரயிலைப் பார்க்கும் காட்சி, சத்யஜித் ராயின் படத்தில் (1955) உலகமே கொண்டாடும் காட்சி. புகையின் கறுப்பும் புல்லின் வெள்ளையும். ஆனால் விபூதிபூஷண் எழுதிய நாவலில் துர்கா ரயிலைப் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு செத்துப்போகிறாள். நாம் போஸ்டராக ஒட்டி வைத்திருப்பது படத்தின் ரயிலை. நாவல் சொல்வதோ, எட்டிப் போகும் தூரத்தில் தண்டவாளம் இருந்தும் ரயில் கிடைக்காமல் போன ஒரு குழந்தையை. அந்த நாவல் புத்தகமாக வந்த ஆண்டு 1929. எங்கள் மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டைக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்ததும் அதே ஆண்டுதான்.

*

இந்தக் கதைகளிலும்கூடப் பயணிகள்தான் இருக்கிறார்கள், எஞ்சினில் நிற்கிறவர்கள் இல்லை. அதற்கு எமிலி ஸோலாவிடம் போக வேண்டும். 1890இல் வந்த 'மனித மிருகம்' நாவலின் நாயகன் எஞ்சின் டிரைவர் ழாக் லான்தியே. அவனுடைய எஞ்சினுக்கு லிசோன் என்று பெயர். கூட வேலை பார்க்கும் ஃபயர்மேனுக்கும் அவனுக்கும் உள்ள உறவு நட்பில் தொடங்கிக் கொலைவெறியில் முடிகிறது. நாவலின் முடிவில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்தபடி கீழே விழ, போருக்குப் போகும் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு யாரும் ஓட்டாத ரயில் இருட்டில் பாய்கிறது. யாரும் ஓட்டாத ரயில் ஸோலாவுக்குப் பயங்கரத்தின் உருவம். நம் ஏக்கக் கட்டுரைகளில் எல்லா ரயிலும் யாரும் ஓட்டாத ரயில்தான். ஆனால் நமக்கு அது பயமாக இல்லை. இதமாக இருக்கிறது.

எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்பது ரகசியமும் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் மீட்டர் கேஜ் பாதைகளில் பயணிகள் வண்டியை இழுத்த பிரபலமான எஞ்சின் ஒய்.பி. வகை. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் நிறையக் கட்டியது. கொதிகலனில் நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. அந்த அழுத்தத்தைப் பராமரிக்க யாராவது ஒருவர் ஆடுகிற தகட்டின் மேல் நின்றுகொண்டு, உலையின் மூலைக்கு மூலை ஷவலால் கரியை வீச வேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் நெருப்பு மூச்சுமுட்டும். இடைவெளி விட்டால் குளிர்ந்த காற்று நுழைந்து அழுத்தம் இறங்கும். கூடவே தண்ணீர் மட்டக் கண்ணாடியின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். உலையின் கூரைத்தகடு எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். மட்டம் இறங்கித் தகடு காய்ந்தால் கொதிகலனே வெடிக்கலாம். அதனால் அந்தத் தகட்டில் சீக்கிரம் உருகும் ஓர் அடைப்பு வைத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் அது உருகி, நீராவி உலைக்குள் பீய்ச்சி அடித்து ஆபத்தைச் சொல்லும்.

இஞ்சினியரிங் படித்தவன் என்ற முறையில் அந்த அடைப்பைப் படித்தபோது ஆசையாக இருந்தது. எவ்வளவு எளிமையான வடிவமைப்பு! பிறகுதான் உறைத்தது. அந்த நீராவி பீய்ச்சும்போது உலைக்கு முன்னால் நிற்பது யார்?

ஜன்னலோரத்தில் ஒரு பொறி கண்ணில் விழுந்ததை நாற்பது வருடம் கழித்தும் எழுதுகிறோம். எஞ்சினுக்குள் நின்றவருக்கு அது கணக்கிலேயே வராது. புதுக்கோட்டை வெயிலைப் பற்றித் தெரிந்தவர்கள், மே மாத மதியத்தில் அந்த உலைவாயைத் திறந்து மூடி நின்றவரை ஒரு நிமிடம் கற்பனை செய்து பார்க்கலாம். வேலை நேரம் என்பதும் வண்டி போய்ச் சேரும்வரை. பத்து மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற உறுதிமொழியைப் பெறுவதற்கே எஞ்சின் ஊழியர்கள் 1973இல் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அடுத்த வருடம் மே மாதம் நாடு முழுக்க சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் இறங்கிய பெரிய வேலைநிறுத்தத்திலும் எட்டு மணிநேர வேலை ஒரு முக்கியக் கோரிக்கை.

எங்கள் பக்கத்திலேயே இந்த வரலாறு இன்னும் பின்னால் போகிறது. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்பில் இறங்கியபோது, 1928இல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்காக ம. சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். புதுக்கோட்டைக்கு அடுத்த பெரிய ரயில் ஊர் பொன்மலைதான். ஆனால் 'அந்தக் காலத்து ரயில்' என்று ஆரம்பிக்கும் கட்டுரை எதிலும் அந்த ஐந்து பேர் ஏறுவதில்லை.

ஸ்டேஷன் வடையும் அப்படித்தான். மந்தார இலை வாசனையை எழுதும்போது, அந்தச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்ததையும், பெரியாரும் மற்றவர்களும் தொடர்ந்து எதிர்த்து 1941இல்தான் அது ஒழிந்தது என்பதையும் அடுத்த வரியில் எழுதியாக வேண்டும். எழுதினால் வடை கசக்காது. யார் எங்கே உட்கார்ந்து தின்றார்கள் என்பது தெரியவரும், அவ்வளவுதான்.

*

அப்படியானால் இந்த ஏக்கமே வீண் என்கிறேனா? இல்லை. எங்கள் ஊரில் ஒரு நிஜமான இழப்பு இருக்கிறது. ஏக்கம் அதைத் தவறான இடத்தில் தேடுகிறது என்பதுதான் என் புகார்.

அறந்தாங்கிக்கு ரயில் வந்தது 1903இல். புதுக்கோட்டை சமஸ்தானத் தலைநகருக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே. அப்போது அறந்தாங்கி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பாதை தஞ்சாவூர் மாவட்ட வாரியத்துடையது. நிலவரியோடு சேர்த்து ரயிலுக்கென்றே ஒரு வரி வசூலித்து, மாயவரத்திலிருந்து திருவாரூர், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வழியாகத் தெற்கே நீட்டிக்கொண்டே வந்தார்கள். அதாவது இது வெள்ளைக்காரன் தானமாகப் போட்ட பாதை இல்லை, சும்மா இயற்கைக் காட்சியும் இல்லை. இந்தப் பக்கத்து விவசாயிகள் காசு கொடுத்து வாங்கிய ரயில். பிற்பாடு அது காரைக்குடி வரை நீண்டது. கம்பன் எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் ஆட்களை மெட்ராஸுக்குக் கொண்டுபோனது.

மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2012இல் இந்தத் தடத்தை மூடினார்கள். காரைக்குடி, பட்டுக்கோட்டை இடையே திரும்ப ரயில் ஓடியது 2018இல். திருவாரூர் வரைக்கும் ஓட 2019 ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் சேரும்போது ரயிலைப் பார்த்த பிள்ளை, மறுபடி பார்க்கும்போது ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கும். திரும்பி வந்த ரயிலிலும் ஒரு வேடிக்கை. வழிநெடுக லெவல் கிராசிங்குகள், ஆனால் கேட் கீப்பர்கள் போதவில்லை. அதனால் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும். ஒருவர் இறங்கிப்போய் கேட்டை மூடுவார். ரயில் தாண்டி மறுபடி நிற்கும். இன்னொருவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணிநேரத்துக்கு மேல். (கவனித்தீர்களா? நானும் 'நிற்கும், மூடுவார்' என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். கொஞ்சம் அசந்தால் இதுகூட அடுத்த தலைமுறைக்கு இனிய நினைவாகிவிடும்.)

இதோடு ஒப்பிட இன்னொரு ரயில் இருக்கிறது. நீலகிரி மலை ரயில் 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்றும் நீராவி எஞ்சின்தான். அதற்காக இந்த நூற்றாண்டிலும் புதிதாக நீராவி எஞ்சின்கள் கட்டினார்கள். கட்டியது வேறு யாருமில்லை, அதே பொன்மலைப் பணிமனை. அந்தத் தொழிலாளர்களின் கைத்திறனை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, மலை ரயிலை மூட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. புகை வேண்டும் என்ற ஏக்கத்துக்கு டிக்கெட் விலை வைத்து விற்க ஆள் இருக்கிறது. காலையில் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பாசஞ்சர் வேண்டும் என்பதற்கு ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஏக்கத்துக்குக் கவிதை எழுதத் தெரியும், மனு எழுதத் தெரியாது. என் பதிவைப் பகிர்ந்த நூற்றுக்கணக்கானவர்களில் அறந்தாங்கியில் எந்த ரயில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. எனக்கே தெரியாது, நான் பஸ்ஸில்தான் போயிருந்தேன். என் தொழிலில் பழைய சிஸ்டத்தைத் தூக்கும்போது முதலில் கேட்கும் கேள்வி, 'இதை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள்?' என்பது. அதைக் கேட்காமல் மாற்றுகிறவர்கள் ஆறு வருடம் தடத்தை மூடுகிறார்கள். அதைக் கேட்காமல் ஏங்குகிறவர்கள் புகையைப் பற்றி எழுதுகிறார்கள். இருவரும் ஒரே ஆளைத்தான் மறக்கிறார்கள்.

ஆகவே இந்த வகைமையில் ஒரு கட்டுரையைப் படிக்கும்போது இப்போதெல்லாம் ஒரே ஒரு சோதனை செய்துபார்க்கிறேன். அதில் ஒரு வாக்கியமாவது 'வந்தது' என்று முடிகிறதா? யாராவது திருத்த முடிகிற மாதிரி ஒரு தேதி, ஒரு நேரம், ஓர் ஆள் இருக்கிறாரா? இருந்தால் மிச்சப் புகையை எல்லாம் மன்னித்துவிடலாம். இல்லையென்றால் அது ஞாபகம் இல்லை, அலங்காரம்.

போன மாதம் என் பழைய பதிவைத் திறந்து முதல் வரியை அழித்தேன். "ஒருநாள் நடுநிசியில் தாத்தா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார்" என்று ஆரம்பித்து, தொட்டியடியில் அவர் உட்கார்ந்தபடி தூங்கியதுவரைக்கும் எழுதினேன். போனில் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"நடுநிசி இல்லப்பா. ரெண்டு மணி" என்றாள்.

திருத்திவிட்டேன்.